குத்தும் கம்பளியை என்ன செய்யலாம்?

கம்பளிச் சட்டையை மாட்டிய கால்மணி நேரத்தில் கழுத்தைச் சொறிய ஆரம்பிப்பவர்கள் அநேகமாக ஒரே தீர்ப்புக்குத்தான் வருகிறார்கள்: “எனக்கு உல்லன் ஒத்துக்காது, அலர்ஜி.” சட்டை பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடும். அடுத்த தடவை ஊட்டிக்கோ பத்ரிநாத்துக்கோ கிளம்பும்போது அக்ரிலிக் சுவெட்டர் ஒன்று வாங்கிச் சமாளித்துவிடுவார்கள். டொராண்டோவில் குடியிருப்பவர்கள் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. குளிர் அங்கே நாலைந்து மாதம் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடும்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. கம்பளியால் அரிப்பு வருவது உண்மை. ஆனால் அது ஒவ்வாமையால் வருவது மிக அரிது. தோல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் 2017இல் வெளியான விரிவான மீளாய்வு, பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துவிட்டு, கம்பளி இழையை ஒவ்வாமைப் பொருள் என்று சொல்ல நம்பத்தகுந்த சான்றில்லை என்றே முடிக்கிறது. ஆட்டு ரோமத்தில் இயற்கையாக இருக்கும் லேனோலின் என்ற மெழுகு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது மெய்தான். ஆனால் ஆலையில் ரோமத்தை அலசும்போதே அதில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. பிறகு ஏன் குத்துகிறது? சொல்லப்போனால் அது அரிப்பே அல்ல, குத்தல். ஆயிரக்கணக்கான நுண்ணிய முனைகள் தோலைக் குத்துகின்றன, நாம் சொறிகிறோம்.

கம்பளி நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூலின் உடம்பிலிருந்து சின்னச் சின்ன இழை முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சட்டை உடம்பில் அழுந்தும்போது இந்த முனைகள் தோலைச் சந்திக்கின்றன. மெல்லிய இழையாக இருந்தால் தோலில் பட்டதும் வளைந்து படுத்துவிடும். நமக்கு ஒன்றும் தெரியாது. தடித்த இழை வளைய மறுத்து நிமிர்ந்து நிற்கும். தோலுக்கு அடியில் வலியை உணர்த்தும் நரம்பு முனைகள் இருக்கின்றன. ஓர் இழை வளையாமல் ஏறக்குறைய 75 மில்லிகிராம் எடை அளவுக்கு அழுத்தம் தந்தால் அவை விழித்துக்கொள்கின்றன. 1980களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து கண்ட விஷயம் இது. கம்பளி ஏற்றுமதியை நம்பியிருந்த நாடு அது. கம்பளி ஏன் குத்துகிறது என்பது அவர்களுக்கு வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

இதில் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரு தூணோ கம்பியோ எவ்வளவு பாரத்தில் வளையும் என்பதற்கு 18ஆம் நூற்றாண்டிலேயே கணிதவியலாளர் ஆய்லர் சூத்திரம் எழுதிவிட்டார். அதன்படி தடிமன் இரட்டித்தால் தாங்கும் பலம் இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு ஏறுகிறது. 20 மைக்ரான் இழைக்கும் 30 மைக்ரான் இழைக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பின்னது முன்னதைவிட ஐந்து மடங்கு விறைப்பானது. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி சாதாரணமாக 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும்.) நீளத்திலும் இதே கதைதான், தலைகீழாக. வெளியே நீட்டும் முனை பாதியாகக் குட்டையானால் விறைப்பு நான்கு மடங்காகும். சவரம் செய்த மறுநாள் அப்பாவின் கன்னம் குழந்தையைக் குத்துகிறது. அதே முடி ஒரு மாதம் வளர்ந்து தாடியானால் குத்துவதில்லை. முடியின் தடிமன் மாறவில்லை, நீளம்தான் மாறியிருக்கிறது.

ஆகவே தடித்த, குட்டையான முனைகள்தான் எதிரி. 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கலந்திருந்தால் பெரும்பாலோருக்கு அந்தத் துணி குத்தும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. நூற்றுக்கு ஐந்து என்பதைக் கவனியுங்கள். மீதி 95 இழைகள் பட்டாக இருந்தாலும் அந்த ஐந்து போதும் காரியத்தைக் கெடுக்க. சராசரி 21 மைக்ரான் வரை உள்ள கம்பளி பெரும்பாலும் தப்பித்துவிடும். சராசரி அதற்கு மேலே நகர நகர, தடித்த இழைகளின் பங்கு விறுவிறுவென்று ஏறும்.

கடையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நாம் எல்லோரும் செய்வது விரலால் தடவிப் பார்ப்பது. அது பயனில்லாத சோதனை. உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் தோல் தடிப்பு. இந்தக் குத்தலை அந்த இடம் உணராது. தவிர, விரல் தொடும் பரப்பும் சிறியது. நாலைந்து முனைகள் ஒரே நேரத்தில் ஓர் இடத்தைக் குத்தினால்தான் மூளைக்குச் செய்தி போகும். முழங்கையின் உள்பக்கத்திலோ கழுத்தின் பக்கவாட்டிலோ துணியை வைத்து லேசாக அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். கழுத்து சம்மதித்தால் உடம்பு முழுக்கச் சம்மதிக்கும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அது கம்பளிதானா? நம் ஊரில் ‘உல்லன்’ என்று சொல்லித் தருவதெல்லாம் ஆட்டு ரோமம் அல்ல. குளிர்காலம் தொடங்கும்போது தமிழக நகரங்களில் திபெத்தியர்கள் கடை விரிக்கிறார்கள். அங்கே தொங்கும் சுவெட்டர்களில் பெரும்பாலானவை லூதியானா சரக்கு. அவற்றில் அக்ரிலிக்கும் அக்ரிலிக் கலப்பும்தான் மிகுதி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நம் குளிருக்கு அது போதும். ஆனால் கீழே சொல்லப்போகும் வைத்தியங்கள் ரோமத்துக்கானவை, பிளாஸ்டிக் இழைக்கு அல்ல. சந்தேகம் இருந்தால் உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு சுருண்டு, தீயை எடுத்ததும் தானே அணைந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பலை விடும். அக்ரிலிக் உருகி எரிந்து, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும்.

கம்பளிதான் என்றால் எந்த ஆட்டுடையது என்பது அடுத்த கேள்வி. மெரினோ ஆட்டின் ரோமம் ஏறத்தாழ 15 முதல் 24 மைக்ரான். உடம்பை ஒட்டிப் போடும் பனியன், உள்சட்டை வகைகள் 19க்குக் கீழே உள்ள மெரினோவில் வருகின்றன. நல்ல நிறுவனங்கள் மைக்ரான் எண்ணை லேபிளிலேயே அச்சிட்டுவிடும். அந்த எண்ணையும் 150, 200, 250 என்று போட்டிருக்கும் கிராம் எண்ணையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். கிராம் எண் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. எவ்வளவு கதகதப்பு என்பதை அது சொல்லுமே தவிர, குத்துமா குத்தாதா என்பதைச் சொல்லாது. கோட்டுத் துணியில் ‘சூப்பர் 100’, ‘சூப்பர் 120’ என்று வரும் முத்திரை இழையின் மென்மையைக் குறிப்பதுதான். சூப்பர் 100 என்றால் சராசரி 18.75 மைக்ரானுக்கு மிகாது. 120 என்றால் 17.75க்கு மிகாது. ஆட்டுக்குட்டியின் முதல் கத்தரிப்பில் கிடைக்கும் ரோமத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அது மெல்லியது, முனையும் கத்தரி படாமல் இயற்கையாகக் கூம்பி முடிந்திருக்கும்.

ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் சுவெட்டர், செவியட் ஆட்டு ரோமத்தில் நெய்த ட்வீட் எல்லாம் வேறு ஜாதி. இழை தடிப்பு, உழைக்கும், காற்றையும் தூறலையும் தடுக்கும். வெறும் உடம்பில் போடுவதற்கென்று அவற்றை யாரும் செய்யவில்லை. சட்டை, அதற்கு மேல் வெயிஸ்ட்கோட், அதற்கும் மேல் ட்வீட் என்று அணிந்த ஊர்க்காரர்களின் துணி அது. அதை டி-சர்ட் மாதிரிப் போட்டுவிட்டு அரிக்கிறது என்று புகார் சொன்னால் ட்வீட் என்ன செய்யும்?

நம் பக்கத்திலும் இந்த வரிசை உண்டு. தக்காணத்து ஆடுகளின் கறுப்பு ரோமத்தில் குரும்பர்கள் நெய்யும் கம்பளி முரட்டு இழை. பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை போடுவதால் புதுக் கம்பளி பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். இடையர்களுக்குப் பாயும் அதுவே, போர்வையும் அதுவே, மழைக்குக் கூடாரமும் அதுவே. இலங்கை மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் மழைக்கும் குளிருக்கும் தலையோடு போர்த்தியதும் இந்த மாதிரி முரட்டுக் கம்பளிதான். நீலகிரி ஆட்டின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர்க் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட் போன்ற சீமை ஆடுகளைக் கலந்து உருவான இனம் அது. ஊட்டி பக்கத்துச் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் இன்றும் அதைப் பேணுகிறார்கள். அதன் ரோமம் சராசரி 27 மைக்ரான் அளவில் இருக்கிறது. தக்காணக் கம்பளிக்கு அது பட்டு, மெரினோவுக்கு முரடு. இன்னொரு கோடியில் லடாக்கின் சாங்தாங் ஆடு இருக்கிறது. வெளி ரோமத்தின் அடியில் குளிருக்கென வளரும் உள்ரோமம்தான் பஷ்மினா. புவிசார் குறியீடு பெற்ற காஷ்மீர் பஷ்மினாவுக்கு 16 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்பது விதி. பஷ்மினா என்று சொல்லி வாங்கிய சால்வை குத்துகிறதென்றால், தடித்த வெளி ரோமத்தைச் சரியாகப் பிரித்தெடுக்கவில்லை. அல்லது அது பஷ்மினாவே இல்லை. குத்தாமல் வழுவழுவென்று இருந்து விலையும் சில நூறு ரூபாய்தான் என்றால் அது விஸ்கோஸாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இழை ஒரு பாதி என்றால் நூற்கும் விதம் மறுபாதி. குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டு, நீள இழைகளை மட்டும் ஒரே திசையில் படியவைத்து நூற்கும் முறை ஒன்று. கோட்டு, பேன்ட் துணிகள் அப்படி வருபவை. முனைகள் குறைவு, குத்தலும் குறைவு. சீவாமல் எல்லா இழையையும் சேர்த்துப் புசுபுசுவென்று நூற்பது மற்றொன்று. காற்றைப் பிடித்துவைப்பதால் கதகதப்பு அதிகம். நாலாபக்கமும் முனை நீட்டுவதால் குத்தலும் அதிகம். மெஷினில் துவைக்கலாம் என்ற குறிப்போடு வரும் கம்பளியில், இழையின் மேல் இருக்கும் செதில்களைக் குளோரின் கொண்டு மழுக்கி, மெல்லிய ரெசின் பூச்சு கொடுத்திருப்பார்கள். தொட்டால் வழவழப்பு தெரியும்.

இதெல்லாம் வாங்கப் போகிறவர்களுக்கு. ஏற்கெனவே ஒரு சுவெட்டர் வீட்டில் இருக்கிறது, அம்மா பின்னியது அல்லது குலுவில் ஆசைப்பட்டு வாங்கியது, தூக்கிப்போட மனமில்லை என்றால் முதல் வேலை அதை ஒழுங்காக ஒருமுறை துவைப்பது. எப்போதும் இழையே குற்றவாளி என்று சொல்ல முடியாது. புதுத் துணியில் ஆலையின் கஞ்சியும் சாயத்தின் மிச்சமும் இருக்கலாம். பழைய துணியில் தூசியும், போன தடவை சரியாக அலசாமல் விட்ட சோப்பும் இருக்கும். தமிழ்நாட்டில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது: போர்த்தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு கரையாமல் திரிந்து, சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவமாக இழைகளில் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்ததும் துணி மொடமொடக்கும். நல்ல மெரினோகூட இப்படி இரண்டு மூன்று துவையலில் முரண்டு பிடிக்க ஆரம்பித்துவிடும். கம்பளிக்கு மட்டுமாவது மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துவையுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து விடும் தண்ணீரை அல்ல. அதில் உப்பு இன்னும் அதிகம்.

கம்பளி என்பது முடி. நம் தலைமுடியும் அதுவும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதம். தலையில் தேய்க்கத் துணியாததைக் கம்பளியில் தேய்க்காதீர்கள் என்பது எனக்குத் தெரிந்த எளிய விதி. பார் சோப்பும் சோடாவும் காரம். காரத்தில் இழையின் செதில்கள் நிமிர்ந்து சொரசொரக்கும். பல சலவைத்தூள்களில் கறையைத் தின்பதற்காகப் புரதத்தை உடைக்கும் நொதி சேர்க்கிறார்கள். அது ரத்தக் கறைக்கும் கம்பளிக்கும் வித்தியாசம் பார்க்காது. பிளீச்சிங் திரவத்தில் கம்பளி கரைந்தே போகும். கடையில் கிடைக்கும் ஈஸி போன்ற கம்பளித் திரவம் நல்லது. இல்லாவிட்டால் காரமில்லாத மென்மையான ஷாம்பு. பூந்திக்கொட்டை நுரை இரண்டையும்விடப் பழைய வழி. காஷ்மீரத்தில் சால்வை துவைக்க இன்னும் அதைத்தான் நம்புகிறார்கள்.

வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீர் போதும், 30 டிகிரிக்குள். சட்டையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கையால் மெல்ல அமுக்கி அமுக்கி எடுங்கள். கசக்கக் கூடாது, அடித்துத் துவைக்கக் கூடாது. சூடும் உராய்வும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு சட்டை சுருங்கிக் கெட்டியாகிவிடும். பிறகு பேரனுக்குக்கூடச் சேராது. நுரை போகும்வரை அலசுங்கள். கடைசி அலசலில் ஒரு பக்கெட் தண்ணீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி வெள்ளை வினிகர் விடலாம். கம்பளி லேசான புளிப்பில்தான் சுகமாக இருக்கும். மிச்சமிருக்கும் காரத்தை வினிகர் முறித்து, செதில்களைப் படியவைக்கும். வாடை உலர்ந்ததும் போய்விடும்.

அடுத்தது கண்டிஷனர். முடிக்குப் போடும் சாதாரண கண்டிஷனரைத் தண்ணீரில் கரைத்து, துவைத்த ஈரச் சட்டையை அதில் அரைமணி நேரம் ஊறவைக்கிற வைத்தியம் பரவலானது. அதில் பாட்டி வைத்தியத்தின் பூடகம் ஒன்றுமில்லை, காரணத்தோடுதான் வேலை செய்கிறது. கண்டிஷனரில் நேர் மின்னூட்டம் கொண்ட மூலக்கூறுகள் உண்டு. தேய்ந்த கெரட்டின் பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் அவை போய் ஒட்டிக்கொண்டு வழவழப்பான படலம் போடுகின்றன. முடிக்குச் செய்வதையே சுவெட்டருக்கும் செய்கின்றன. சொரசொரப்பு குறையும், அடுத்த துவையல்வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் 35 மைக்ரான் இழை கண்டிஷனரில் ஊறினாலும் 35 மைக்ரான்தான். அரைகுறையாகக் குத்திய சட்டை இதற்குப் பிறகு போடும்படி ஆகும். முள்ளாகக் குத்தியது கொஞ்சம் சாந்தமான முள்ளாகும், அவ்வளவே. எதிர்பார்ப்பை இந்த அளவில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

துணி மென்மையாக்கும் திரவமும் இதே வகைப் பொருள்தான். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது படியப் படியக் கம்பளியின் ஈரம் உறிஞ்சும் குணம் மந்தமாகும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட நீராவியை வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. அதற்காகத்தான் அதைப் போடுகிறோம், அதையே கெடுத்துக்கொள்வானேன்? சுவெட்டரை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் குத்தாது என்றும் ஒரு நம்பிக்கை உலவுகிறது. குளிரில் இழை மெலிவதும் இல்லை, முனைகள் படுத்துக்கொள்வதும் இல்லை. பூச்சி, முட்டை ஏதும் இருந்தால் சாகலாம். அந்த வேலைக்கு வேண்டுமானால் வையுங்கள்.

துவைத்ததை முறுக்கிப் பிழியாமல், பெரிய துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் தரையில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் போட்டால் தண்ணீர் பாரத்தில் சட்டை முழங்கால்வரை நீளும். உலர்ந்தபின் அயர்ன்பாக்ஸின் நீராவியை ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து, உள்பக்கம் முழுக்கக் காட்டி, உள்ளங்கையால் ஒரே திசையில் தடவிவிடுங்கள். ஆவியில் இழை இளகும்; நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் கொஞ்சம் படியும். பெட்டியைத் துணியின் மேல் வைத்துத் தேய்க்க வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சுவெட்டரில் உருண்டை உருண்டையாகத் திரளும் பஞ்சை எடுக்கச் சின்ன மெஷின் விற்கிறது. வெளிப்பக்கத்து உருண்டைகளுக்கு அது சரி. குத்துகிறதே என்று உள்பக்கத்தை அதால் மழிக்கப் போகாதீர்கள். மழித்த மறுநாள் கன்னத்தை நினைவில் வையுங்கள்: நீண்ட முனையை வெட்டினால் மிஞ்சுவது குட்டை முனை, நான்கு மடங்கு விறைப்போடு. இழையின் கணக்கு தெரிந்திருப்பதால் கிடைக்கும் லாபம் இந்த மாதிரித் தப்புகளிலிருந்து தப்புவதுதான்.

இத்தனையும் செய்தும் குத்தினால், இடையில் ஒரு துணி போடுவதைத் தவிர வழியில்லை. என்னைக் கேட்டால் இதுதான் முதல் வைத்தியமாகவே இருக்க வேண்டும், மற்றதெல்லாம் பக்கவாத்தியம். ஆனால் எந்தத் துணி என்பதில் சூட்சுமம் இருக்கிறது. கண்ணி பெரிதாக இருக்கும் மெல்லிய பனியனின் ஊடே இழை முனை தாராளமாக நுழைந்து வரும். நெருக்கமாக நெய்த பாப்ளின் சட்டை அதைத் தடுத்துவிடும். முழுக்கை இருக்க வேண்டும், காலர் இருந்தால் இன்னும் நல்லது. கழுத்தும் மணிக்கட்டும்தான் முதலில் புகார் செய்யும் இடங்கள். கழுத்துக்கு மட்டும் என்றால் ஒரு பட்டுக் கைக்குட்டையையோ மெல்லிய பருத்தித் துப்பட்டாவையோ சுற்றிக்கொண்டு அதற்கு மேல் சுவெட்டர் போடலாம். பனியில் மலையேறப் போகிறவர்களுக்கு மட்டும் பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்தி லேசில் உலராது. நடை நின்றதும் உடம்பை வெடவெடக்க வைத்துவிடும். மெல்லிய மெரினோ உள்சட்டையோ பாலியெஸ்டர் தெர்மலோ போட்டு அதற்கு மேல் முரட்டுக் கம்பளி போடுவதுதான் அங்கே முறை.

நிரந்தரமாகத் தீர்க்க நினைத்தால் தையல்காரரிடம் போங்கள். கோட்டு, ஜாக்கெட், நெய்த துணி என்றால் முழு லைனிங் கொடுத்துவிடலாம். பின்னிய சுவெட்டருக்கு முழு லைனிங் போட்டால் அது இழுபடாது. தலைக்கு மேல் மாட்டுவதே போராட்டமாகிவிடும். அதற்குக் கழுத்துப் பட்டியின் உள்பக்கமும் கை விளிம்பும் போதும். மெல்லிய பருத்தியிலோ பட்டிலோ கிராஸ் பீஸ் வெட்டிக் கையால் தளரத் தைத்தால், குறுக்குவாட்டில் வெட்டியதால் பின்னலோடு சேர்ந்து கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தபின் வெட்டச் சொல்லுங்கள். ரவிக்கை தைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டுக்காரர்கள் சிலர் மறந்துவிடுவார்கள். கம்பளிப் போர்வைக்கு இன்னும் சுலபம்: பருத்தி உறையை மெத்தை உறை மாதிரி தைத்து, போர்வையை உள்ளே போட்டுவிடலாம். உறையைத் துவைத்தால் போதும், கம்பளியைத் தொடவே வேண்டாம்.

இறுக்கமும் ஒரு காரணம். அளவு சின்னதான சுவெட்டர் எல்லா முனைகளையும் தோலில் அழுத்திப் பிடிக்கிறது. ஒரு சுற்றுத் தளர்ந்ததைப் போட்டால் அதே கம்பளி குறைவாகக் குத்தும். அதைவிட முக்கியம் வியர்வை. ஈரத்தில் தோலின் மேலடுக்கு இளகி, இழை முனைகள் எளிதில் அமிழ்கின்றன. குளிரில் வெளியே நின்றபோது சும்மா இருந்த சட்டை, ஹீட்டர் போட்ட பஸ்ஸுக்குள் ஏறியதும் குத்த ஆரம்பிப்பது இதனால்தான். அறைக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள். பட்டன் வைத்த கார்டிகன் இதற்கு வசதி. குளிர்காலத்தில் வறண்டு வெடித்த தோலுக்கு எதுவும் உறுத்தும் என்பதால், குளித்த கையோடு தேங்காயெண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவி, அது தோலில் இறங்கியபின் உடுத்துவது பலன் தரும்.

சட்டையைக் கழற்றிய சில மணி நேரத்தில் சிவப்பும் நமைச்சலும் அடங்கிவிட்டால் அது இழையின் குத்தல்தான். நாள்கணக்கில் நீடித்தால், கொப்புளம் வந்தால், சட்டை படாத இடத்துக்கும் பரவினால் அது வேறு விவகாரம். சாயமோ உலோகப் பட்டனோ சோப்போ காரணமாக இருக்கலாம். தோல் மருத்துவரைப் பாருங்கள். கரப்பான் உள்ள குழந்தைகளுக்குக் கம்பளியே ஆகாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. முரட்டுக் கம்பளியைப் பொறுத்தவரை அது சரியே. மிக மெல்லிய மெரினோவை அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு உடுத்திப் பார்த்து, பருத்தியைவிடப் பரவாயில்லை என்று மெல்போர்னில் நடந்த ஆய்வு ஒன்று 2017இல் சொன்னது. இருந்தாலும் குழந்தை விஷயத்தில் மருத்துவரைக் கேட்காமல் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, அது கம்பளியால் வருவது அல்ல. பீரோவில் நாஃப்தலின் அந்துருண்டையோடு கிடந்த கம்பளியை எடுத்து அப்படியே பச்சைக் குழந்தைக்குச் சுற்றுவது பல வீடுகளில் நடக்கிறது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தையாக இருந்தால் அந்த வாடையே ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மஞ்சள் காமாலை முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே குழந்தை இருக்கும் வீட்டில் கம்பளிப் பெட்டிக்குள் அந்துருண்டையே வேண்டாம். பூச்சிக்குப் பிடித்தது வியர்வையும் உணவுக் கறையும் படிந்த கம்பளிதான். குளிர் முடிந்ததும் துவைத்து, நன்றாக உலர்த்தி, இறுக மூடும் பையில் போட்டுக் கட்டி வைத்தால் அந்துருண்டையின் அவசியமே பெரும்பாலும் எழாது. அடுத்த மார்கழியில் வெளியே எடுக்கும்போது ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டு, உதறிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.